கிரெட்டாவுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாம், வாங்க!

வண்டிக்கு வீட்டிலேயே ஆயில் மாற்ற முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக முடியும் என்றுதான் சொல்வேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வாசல் சமதளமாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான். கூடவே ஒன்றையும் சொல்லிவிடுவேன். புது ஆயிலை ஊற்றி மூடியைத் திருகியதோடு வேலை முடிவதில்லை. இறக்கிய பழைய ஆயிலைச் சரியான இடத்தில் சேர்த்த பிறகுதான் முடிகிறது. அதற்கு மனமில்லாதவர்கள் பேசாமல் சர்வீஸ் சென்டருக்கே வண்டியை விட்டுவிடுங்கள். ஊருக்கும் நல்லது.

எங்கள் வீட்டு வண்டி ஹூண்டாய் கிரெட்டா. முதல் தலைமுறை, 1.6 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். 2015-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்த வண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம் என்பதால் ஏறக்குறைய உள்ளூர் வண்டிதான். வாரண்டி முடிந்ததிலிருந்து இதற்கு ஆயில் மாற்றும் வேலையை நானே செய்துகொள்கிறேன். கீழே சொல்பவை எல்லாம் இந்த வண்டியை வைத்துச் சொல்பவை. உங்களுடையது வேறு வண்டி என்றால் முறை ஒன்றுதான், அளவுகள் மாறும். அளவுகளுக்கு உங்கள் வண்டியின் கையேடுதான் வேதம்.

யார் செய்ய வேண்டாம்?

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். நாளைக்கு என்ஜினில் ஏதாவது கோளாறு வந்தால், முறையான சர்வீஸ் பதிவு எங்கே என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது பார்க்கிங்கில் செய்வதும் சரிவராது. ஒரு சொட்டு சிந்தினாலும் அது எல்லோருடைய தரை. சரிவான ரோட்டில், மண் தரையில் செய்யவே கூடாது. மண் தரையில் ஜாக்கி புதையும், சிந்திய ஆயிலைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

சரி, எதற்காக இந்த வேலை?

பணம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் எனக்கு அது முதல் காரணம் அல்ல. என் வண்டிக்குள் என்ன ஆயில், எவ்வளவு போகிறது என்று எனக்கே தெரிகிறது. சீலை நானே உடைக்கிறேன், ஃபில்டரை என் கையால் மாட்டுகிறேன்.

இன்னொரு காரணம், வருஷத்துக்கு ஒரு முறையாவது வண்டியின் அடிவயிற்றை நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம். மேலே பளபளவென்று துடைத்து வைத்திருப்போம், அடியில் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆயில் வடிய எப்படியும் கால் மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்குப் போகும் அச்சின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்திருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் சுற்றிலும் தெறித்துக் கருப்பாகக் கோடு போட்டிருக்கும். உறையை மட்டும் அப்போதே மாற்றினால் செலவு கொஞ்சம். விட்டுவிட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், அச்சையே மாற்றச் சொல்வார்கள். டயரின் உள்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா, கூலண்ட் ஓஸில் கசிவு தெரிகிறதா, சைலன்சர் குழாயில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எப்போது மாற்றுவது?

என் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் முடிந்தால் மாற்றத்தான் வேண்டும். குறைவாக ஓடுகிற பெட்ரோல் வண்டியில் ஆயில் முழுச்சூடு ஏறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். எரியாத பெட்ரோலும், எரிந்ததில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் அவை ஆவியாகி வெளியேறும். பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே போய்வரும் வண்டியில் அதற்கு வழியே இல்லை.

நகர நெரிசல் வேறு கணக்கு. திருச்சி நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டரைத் தொட 167 மணி நேரம் போதும். அதே வண்டி சென்னைக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரியில் ஊர்ந்தால் 500 மணி நேரம் என்ஜின் ஓடியிருக்கும். ஓடோமீட்டரில் ஒரே எண், ஆயில் உழைத்தது மூன்று மடங்கு. அதனால்தான் குறுகிய பயணம், நெடுநேர ஐட்லிங், தூசு நிறைந்த சாலை ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று கையேடுகளில் தனியாகப் பிரித்து, ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பட்டியலில்தான் வருவோம்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது, அதாவது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பார்க்கத் தெளிவாக இருக்கும் ஆயிலில் காரச் சேர்மானங்கள் தீர்ந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

எந்த ஆயில்?

இதில்தான் நம் ஊரில் நிறைய தவறான நம்பிக்கைகள். "நம்ம ஊரு வெயிலுக்கு நல்லா கெட்டியா ஊத்துங்க" என்று சொல்லும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. பின்னால் உள்ள 30, என்ஜின் ஓடும் சூட்டில், அதாவது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை. வெளியே வேலூர் வெயிலோ ஊட்டிக் குளிரோ, சூடேறிய பிறகு கூலண்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கும். வெயிலுக்காகக் கெட்டி ஆயிலுக்கு மாற வேண்டிய தேவை அங்கேயே பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது.

கெட்டி ஆயிலால் கெடுதலும் உண்டு. என் வண்டியின் என்ஜினில் வால்வு திறந்து மூடும் நேரத்தை ஆயில் அழுத்தத்தைக் கொண்டே முன்பின் நகர்த்தும் அமைப்பு இருக்கிறது. அந்த ஆயில் போகும் வழிகள் மெல்லியவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அங்கெல்லாம் ஆயில் சட்டென்று போய்ச் சேர வேண்டும். அது தாமதமானால் என்ஜின் தேயும். ஆகவே கையேட்டில் சொன்ன தரத்தைத் தாண்டி எதையும் ஊற்றாதீர்கள். நான் ஊற்றுவது 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக்.

எண்ணோடு தரக்குறியீட்டையும் பாருங்கள். பெட்ரோல் வண்டி ஆயிலில் ஏபிஐ எஸ்என், எஸ்பி என்றெல்லாம் இருக்கும். எஸ்பி 2020-இல் வந்தது, அதற்கு முந்தைய தரங்களுக்குப் பதிலாக ஊற்றலாம். டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் எஸ்பி பார்த்து வாங்குவது நல்லது. குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது நேரத்துக்கு முன்பே தீப்பற்றிக்கொள்ளும் சிக்கலைத் தடுக்கும் சோதனை அந்தத் தரத்தில் சேர்ந்திருக்கிறது.

பிஎஸ்6 டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு இது அதைவிட முக்கியம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் அடைத்துக்கொள்ளும். கரியை எரித்துச் சுத்தம் செய்யலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் ஏசிஇஏ சி3 போன்ற சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்டிருப்பார்கள். பழைய பொலிரோவுக்கு வாங்கி மிச்சமிருந்த டீசல் ஆயிலை இதில் ஊற்றிவிட்டு, பிறகு டிபிஎஃப் மாற்ற வேண்டி வந்தால் அந்தச் செலவில் பல வருஷத்துக்கு ஆயில் வாங்கிவிடலாம்.

அளவு என் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். கடையில் 3.5 லிட்டர் கேன் கிடைக்கும், நிரவிக்கொள்ள ஒரு சின்ன பாட்டிலும் வாங்கிக்கொள்வேன். ஃபார்ச்சூனர் போன்ற பெரிய டீசல் வண்டிகளுக்கு ஏழு லிட்டருக்கு மேலும் போகும். வாங்கும் முன் சரிபாருங்கள்.

போலி ஆயில் சந்தையில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், பில் போட்டு வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஃபில்டர், வாஷர் எல்லாம் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். கேனின் மூடி சீல், பேட்ச் எண், தேதி மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். காலி கேனை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் மூடியைக் கத்தியால் கிழித்துவிட்டுக் கொடுங்கள். போலிக்காரர்களுக்கு நல்ல காலி கேன்தான் மூலப்பொருள்.

என்னென்ன வேண்டும்?

17 எம்எம் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட், ஆயில் ஃபில்டர் கழற்றும் ரிஞ்ச், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், புனல், ஐந்தாறு லிட்டர் கொள்ளும் அகலமான தட்டு அல்லது பழைய பிளாஸ்டிக் பேசின், நைட்ரைல் கையுறை, டார்ச், பழைய செய்தித்தாள், ஒரு கிலோ பனியன் வேஸ்ட். தச்சுப்பட்டறையிலிருந்து ஒரு பை மரத்தூளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் அதுதான் கைகொடுக்கும். டார்க் ரிஞ்ச் இருந்தால் மிகவும் நல்லது.

வாஷரை மட்டும் விட்டுவிடாதீர்கள். போல்ட்டை இறுக்கும்போது அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அதே மாதிரி அடைக்காது. விலை மிகக் குறைவு, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள்.

வண்டிக்கு அடியில்

எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. கிரெட்டாவின் தரை இடைவெளி 190 எம்எம். ஒல்லியானவர்கள் ஜாக்கி போடாமலேயே பாதி உடம்பை அடியில் நுழைத்து, கையை எட்டவிட்டு வேலையை முடித்துவிடலாம். அப்படி முடிகிறது என்றால் ஜாக்கி வேண்டவே வேண்டாம். வண்டி சமமாக நிற்பதால் ஆயிலும் முழுசாக வடியும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ கொண்டுபோகக் கூடாது. ஸ்டெப்னி மாற்றத் தந்த ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான். செங்கல், ஹாலோ பிளாக், மரக்கட்டை எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். செங்கல் விரிசல் விடும்போது முன்கூட்டிச் சொல்லாது. இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், கையேடு காட்டும் இடத்தில் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளை வண்டிக்குள் ஏற விடாதீர்கள்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். மிதமான சூட்டில் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த சூட்டில் தொடாதீர்கள், கை வெந்துவிடும். பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியையும் கழற்றி வையுங்கள். காற்று உள்ளே போக வழி இருந்தால் ஆயில் தடையில்லாமல் வடியும். சில வண்டிகளில் அடியில் பிளாஸ்டிக் கவசம் இருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும்.

டிரெயின் போல்ட், என்ஜினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் இருக்கும். கியர்பாக்ஸுக்கும் இதே போல ஒரு போல்ட் உண்டு. முதல் தடவை செய்பவர்கள் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரைப் போட்டு முதல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். அதன் பிறகு ஸ்பேனர் வேண்டாம், விரலால் திருகலாம். கடைசி மரை வரும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருகி, மரை விட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் பக்கவாட்டில் சட்டென்று இழுத்துவிடுங்கள். போல்ட் கையோடு வந்துவிடும், தட்டில் விழாது.

ஆயில் முதலில் நேராக விழாது. அழுத்தத்தில் கொஞ்சம் தள்ளிப்போய் விழும், அதைக் கணக்கில் வைத்துத் தட்டை வையுங்கள். கறுப்பாக, விரல் தடிமனில் பளபளத்துக்கொண்டு இறங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் நூலாக மெலியும், பிறகு சொட்டும். சொட்டு நிற்கிற வரை அவசரப்படாதீர்கள். போல்ட்டைத் துடைத்து அதன் முனையைப் பாருங்கள். ஆயிலில் மிக நுண்ணிய மினுமினுப்பு லேசாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு உலோகத் துணுக்கு இருந்தாலோ, ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பால் நிறம் என்றால் ஆயிலில் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது.

புது வாஷர் போட்டு, போல்ட்டை விரலாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். விரலில் ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, கழற்றி மறுபடி பிடியுங்கள். பல வண்டிகளில் சம்ப் அலுமினியம். இரும்பு போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் போவது சம்ப்பின் மரை. எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, "தம்பி, உக்கார்ந்துடுச்சுன்னு கைக்குத் தெரியும். அதுக்கப்புறம் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். இதுல பலத்தைக் காட்டாதீங்க" என்றார். என் வண்டிக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர். இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் இருபது கிலோவைத் தொங்கவிட்டால் என்ன இறுக்கம் வருமோ அதுதான்.

ஃபில்டர்

ஆயில் ஃபில்டர் இல்லாமல் ஓடிய கார்களும் ஒரு காலத்தில் இருந்தன. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பியூரொலேட்டர்தான் கார் என்ஜினுக்கான ஆயில் ஃபில்டரில் முதலாவது. இன்று நாம் மாட்டும் டப்பா ஃபில்டருக்குள் மடித்த காகிதத்தோடு இரண்டு வால்வுகளும் இருக்கின்றன. ஒன்று, என்ஜின் அணைந்த பிறகு ஃபில்டரில் உள்ள ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும். மற்றொன்று, ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வடிகட்டாமலாவது என்ஜினுக்கு ஆயிலை விடும். மட்டமான ஃபில்டரில் இந்த வால்வுகள் சரியாக வேலை செய்வதில்லை. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடமல்ல.

ரிஞ்சால் பழைய ஃபில்டரைத் தளர்த்தும்போது அதிலிருந்தும் ஆயில் வழியும், தட்டை நகர்த்தி வையுங்கள். கழற்றியதும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா? சில நேரம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று, அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். சில நிமிடத்தில் என்ஜின் வறண்டுவிடும்.

உட்காரும் இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று. பெரும்பாலும் ஃபில்டரின் மேலேயே இது அச்சிட்டிருக்கும். இறுக்குவதற்கு ரிஞ்ச் வேண்டாம்.

ஊற்றுவது

வண்டி ஸ்டாண்டில் இருந்தால் இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் சமமாக நிற்கட்டும். புனல் வைத்து முதலில் மூன்று லிட்டர் ஊற்றுங்கள். சில நிமிடம் விட்டு ஆயில் ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். எஃப், எல் என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிரவி எஃப் குறியை நெருங்குங்கள், தாண்டாதீர்கள். அதிகமானால் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு உராய்வைத் தடுக்கும் சக்தி இல்லை.

மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டையும் ஃபில்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கிய வண்டியை மறுபடி ஜாக்கியில் ஏற்றாமல் வெளியே படுத்தபடியே பார்க்க முடியும். என்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்டிக் பாருங்கள். ஃபில்டர் கொஞ்சம் ஆயிலை எடுத்துக்கொண்டிருக்கும், அந்தக் குறையை நிரவுங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் தரையையும் ஸ்டிக்கையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி.

தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர், ஃபில்டர் எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லை ஒட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் நம் வாயை நம்ப மாட்டார், அந்த நோட்டை நம்புவார்.

பழைய ஆயில் எங்கே போகிறது?

இப்போது தட்டில் மூன்றரை லிட்டர் கறுப்பு ஆயில் இருக்கிறது. வாசலில் சாக்கடை இருக்கிறது, பக்கத்தில் காலி மனை இருக்கிறது. பலர் வேலையை அங்கேதான் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலோரம் அந்தக் குழி இருக்கிறது, வீட்டுக்கு வீடு போர்வெல்லும் இருக்கிறது. வாசல் தரையில் சிந்திய ஆயில் அடுத்த மழையில் எங்கே போகும்? மண் வடிகட்டி மெதுவாக இறங்கும் தண்ணீருக்கே நாம் யோசிக்கிறோம். இந்தக் குழி தண்ணீரை வேகமாக நிலத்தடிக்குக் கொண்டுபோகத்தானே கட்டியது? நல்ல தண்ணீருக்காகக் கட்டிய அதே வழியில் ஆயிலும் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோம். தெரு வடிகாலில் போவது ஏரிக்குப் போகும். தாம்பரத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் ஏரிகள் ஏற்கெனவே படும் பாடு போதும்.

ஒரே ஒரு ஆயில் மாற்றத்தின் கழிவு பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவுதான். சென்டரிங் பலகைக்குப் பூசுவது, கரையானுக்காக மரத்தில் அடிப்பது, அடுப்பெரிக்கக் கொடுப்பது எல்லாம் காலங்காலமாக நடப்பவை. ஆனால் என்ஜினில் ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகமும், எரிபொருள் எரிந்ததன் நச்சும் சேர்ந்திருக்கின்றன. பூசினால் மண்ணுக்குப் போகும், எரித்தால் மூச்சுக்குப் போகும். கையுறை போடச் சொன்னதும் இதனால்தான். தொடர்ந்து தோலில் படுவது நல்லதல்ல.

நான் செய்வது இது. புது ஆயில் வந்த அதே காலி கேனில், புனல் வைத்துப் பழையதை ஊற்றி மூடுகிறேன். மேலே "பழைய ஆயில்" என்று பெரிதாக எழுதிவிடுகிறேன். கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலப்பதில்லை, கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிட்டு, தனியாகக் கவரில் கட்டுகிறேன். சிந்திய இடத்தில் மரத்தூளைத் தூவி, காலால் தேய்த்து, அள்ளி அதையும் கட்டுகிறேன். தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. எல்லாவற்றையும் மெக்கானிக் அண்ணன் கடைக்குக் கொண்டுபோகிறேன். அவர் கடை மூலையில் மூடி போட்ட ஒரு நீல டிரம் இருக்கிறது.

முதல் தடவை கொண்டுபோனபோதே கேட்டுவிட்டேன். "அண்ணே, இந்த டிரம் நிரம்பினா எங்க போகுது?"

"ஆளுங்க வண்டி எடுத்துட்டு வருவாங்க தம்பி. போர்டுல பதிவு பண்ண கம்பெனி. எடுத்துட்டு சீட்டு குடுப்பாங்க. கண்டவனுக்கும் குடுக்கிறதில்ல" என்று சொல்லி, மேஜை டிராயரைத் திறந்து சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினார். அப்படிக் காட்டும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். காட்டாவிட்டால், உங்கள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அங்கே இருக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்தால் அது வீணாவதும் இல்லை. ஆயில் என்பது பெரும்பாலும் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அதில் அழுக்கு சேர்கிறது, சேர்மானங்கள் தீர்கின்றன. நீரையும் அழுக்கையும் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்தால் மறுபடி நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல், தாங்கள் விற்கும் ஆயிலில் ஒரு பங்குக்கு ஈடான பழைய ஆயில் மறுசுழற்சி ஆவதற்கு ஆயில் உற்பத்தியாளர்களே பொறுப்பு என்று விதி வந்திருக்கிறது. அவர்கள் மறுசுழற்சி செய்ய வேண்டுமானால் முதலில் அது சாக்கடைக்குப் போகாமல் டிரம்முக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் பொறுப்பு நம்முடையது.

ஆகவே நண்பர்களே, வீட்டில் ஆயில் மாற்ற முடிவு செய்துவிட்டால், ஆயிலும் ஃபில்டரும் வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதியில் பழைய ஆயிலை முறையாக வாங்கிக்கொள்ளும் கடை எது என்று விசாரித்து வையுங்கள். அது உறுதியான பிறகு ஸ்பேனரை எடுங்கள்.